எல்லாருக்கும் 98: ஏழாங்கிளாஸ்ல இதயத்துடிப்பு அளந்த கதை

ஏழாங்கிளாஸ், 31 பசங்க, மூணு பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ஹைடெக் லேப்ல ஒரு ப்ரொஜக்டர், அப்புறம் என் மொபைல். கையில இருந்த டெக்னாலஜி அவ்வளவுதான். நாலு பீரியட்ல முடிச்சிரலாம்னு ஆரம்பிச்சது பதினோரு வேலைநாள் இழுத்துச்சு, அதுல முதல் நாள் எடுத்த டேட்டா மொத்தமும் குப்பைக்குப் போச்சு, ஆனா பாடமே அந்தக் குப்பைக்குள்ளதான் இருந்துச்சுன்னு எனக்கு ஒன்பதாவது நாள்தான் உறைச்சுது. இதே மாதிரி செய்யப் போறவங்களுக்கு எங்க சறுக்கும்னாவது தெரியட்டும்னு முழுசா எழுதி வெக்கறேன்.

எங்களுது கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளி. 2021-ல ரெண்டாவது அலை அடிச்சப்போ ஊரே ஆக்ஸிமீட்டர் வாங்கிச்சு இல்லையா, எங்க வீட்ல ஒண்ணு, ஹெச்.எம். வீட்ல ஒண்ணு, ஸ்கூல் பீரோல ஒண்ணு, மூணும் பேட்டரி கசிஞ்சு கிடந்துச்சு. எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைச்சு புது பேட்டரி போட்டதும் மூணும் எரிஞ்சுது. அப்போதைக்கு அது எனக்குப் பெரிய வெற்றி.

ஆரம்பிச்சது ஒரு பையன் கேட்ட கேள்வியில. மனுஷனோட இதயம் நிமிஷத்துக்கு 72 தடவை துடிக்கும்னு படிச்சிட்டு, வீட்ல மணிக்கட்டுல விரல வெச்சு எண்ணிப் பாத்திருக்கான். மறுநாள் மூஞ்சி சுண்டிப் போய் வந்து, "டீச்சர் எனக்கு 94 வருது, ஹார்ட்ல ஏதாவது பிரச்சனையா?"ன்னான். 72-ங்கிறது ஒரு பெரிய ஆளோட சராசரி, உன் வயசுக்கு உக்காந்திருக்கும்போது 60-ல இருந்து 100 வரைக்கும் எங்க இருந்தாலும் சரிதான்னு சொன்னேன். அவன் விடல, "அப்போ ஓடுனா?"ன்னான். வாயால சொல்லிருக்கலாம். ஆனா பீரோல அந்த மெஷின் ஞாபகம் வந்துச்சு.

மெஷின் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல ஊகம் எழுத வெச்சேன். இதை மட்டும் யாரும் விட்டுறாதீங்க. நல்லா ஓடறவனுக்கும் ஓட முடியாதவனுக்கும் ஒரே வேலை குடுத்தா யாருக்கு துடிப்பு அதிகமா ஏறும்னு கேட்டேன். பாதிக்கு மேல, நல்லா ஓடறவனுக்குத்தான் ஏறும், அவன் இதயம் பலமானது, அதனால வேகமா அடிக்கும்னு எழுதியிருந்தாங்க. யோசிச்சா நியாயமான தப்புதான், பலம்னா வேகம்னுதானே வண்டியில இருந்து சினிமா வரைக்கும் பாக்கறாங்க.

முதல் நாள் கிரவுண்டு. ஒருத்தர் ஓடணும், ஒருத்தர் விரல்ல மாட்டி படிக்கணும், ஒருத்தர் எழுதணும். ஓடறதுக்கு முன்னாடி ஒண்ணு, ஓடி முடிச்ச உடனே ஒண்ணு. சாயங்காலம் லேப்ல உக்காந்து நம்பரையெல்லாம் லிப்ரே ஆபிஸ் கால்க்ல ஏத்துனேன். பாத்தா 98, 97, 98, 99, 98. ஓடறதுக்கு முன்னாடியும் 98, ஓடுனப்புறமும் 98. கிரவுண்ட ரெண்டு சுத்து சுத்திட்டு நாக்கு தள்ளி வந்து நின்னவனுக்கும் 98.

என்ன ஆச்சுன்னு உங்களுக்கு இப்போவே புரிஞ்சிருக்கும். அந்த மெஷின்ல ரெண்டு நம்பர் வரும், ஒண்ணு ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்வளவு சதவீதம்னு, இன்னொண்ணு துடிப்பு. கொரோனா நேரத்துல வீட்ல எல்லாரும் முதல் நம்பரத்தானே பாத்துட்டு இருந்தாங்க, 94-க்குக் கீழ போனா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு. பசங்களும் அதையேதான் பாத்து எழுதியிருக்காங்க. தப்பு என்னுது, எந்த நம்பர்னு நான் காட்டவே இல்ல.

இதுக்கு மேல ஒரு கூத்து. ஒரு பொண்ணு மட்டும் சரியான நம்பரத்தான் பாத்திருக்கா, ஆனா மெஷினுக்கு எதிர்ப்பக்கமா நின்னு பாத்திருக்கா. 86-ஐ தலைகீழா பாத்தா 98. நம்பலன்னா கால்குலேட்டர்ல 86 அடிச்சு திருப்பிப் பாருங்க. 68-ஐ திருப்புனா 89. அவ தோழிக்கு உக்காந்திருக்கும்போது 86 வந்தத 98-னு எழுதியிருக்கா, அது மத்த 98-ஓட கலந்துருச்சு. மறுநாள் மூணு மெஷின்லயும் துடிப்பு நம்பர் பக்கத்துல சிவப்பு நெயில் பாலிஷால ஒரு புள்ளி வெச்சேன், புள்ளி இடது கைப் பக்கம் இருக்கணும், புள்ளி பக்கத்துல இருக்கற நம்பர மட்டும் எழுதணும். அத்தோட அந்தப் பிரச்சனை ஓவர்.

நெயில் பாலிஷ்னு சொன்னதும் இன்னொண்ணு. அது நகத்துல இருந்தா இந்த மெஷின் குழம்பும், ஏன்னா இது விரலுக்குள்ள சிவப்பு வெளிச்சமும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சமும் விட்டு, மறுபக்கம் எவ்வளவு வருதுன்னு பாக்குது. ஒவ்வொரு துடிப்புக்கும் விரல்ல ரத்தம் கொஞ்சம் கூடும், அப்போ வெளிச்சம் கொஞ்சம் குறையும், அந்த ஏத்த இறக்கத்தத்தான் எண்ணுது. அதே ஏத்த இறக்கத்த வெச்சு ஆக்ஸிஜனையும் கணக்குப் போடற வழிய 1974-ல ஜப்பான்ல தக்குவோ அவோயாகிங்கிற இன்ஜினியர் கண்டுபிடிச்சாரு. மருதாணி அப்பி வந்த விரல்ல தகராறு பண்ணுச்சு, வெயில்ல பிடிச்சா தகராறு, ஓடிட்டு வந்து கை நடுங்கினா வெறும் கோடுதான் காட்டும். சின்ன விரல் உள்ள நிக்காம வழுக்கும். கடைசியில, மாட்டுன கைய இன்னொரு கையால நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கணும், நிழல்ல நிக்கணும், நம்பர் நிலையா நிக்க பத்து செகண்ட் விடணும்னு ரூல் போட்டோம்.

பத்து செகண்ட் விட்டா அதுக்குள்ள துடிப்பு இறங்கிருமே டீச்சர்னு ஒருத்தன் கேட்டான் பாருங்க, எனக்கு அப்படியே சிலிர்த்துருச்சு. சரியான கேள்வி. ஆமாடா இறங்கும், அதனால நாம பிடிக்கறது உச்சம் இல்ல, உச்சத்துக்குக் கொஞ்சம் கீழன்னு ஒத்துக்கிட்டு, அதையும் சார்ட்ல எழுதி வெச்சோம். மெஷின் கிடைக்காத குரூப் மணிக்கட்டுல விரல் வெச்சு 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்குனாங்க. அதுல ஒரு துடிப்பு விட்டுப் போனா விடையில நாலு குறையும். மெஷினுக்கும் விரலுக்கும் வித்தியாசம் வந்தப்போ எது சரின்னு பெரிய சண்டை. பசங்க மெஷின் பக்கம், நான் வேணும்னே விரல் பக்கம் நின்னேன். நம்ம ஊர்ல வைத்தியர் நாடி பாக்கறது இப்படி விரல வெச்சுத்தானேன்னு கேட்டதும் கொஞ்சம் அடங்குனாங்க.

என்ன உடற்பயிற்சி குடுக்கறதுங்கிறது தனிக்கதை. எல்லாருக்கும் ஒரே அளவு வேலை இருக்கணும், இடம் அதிகம் வேணாம், அதனால முதல்ல தோப்புக்கரணம்னு சொன்னேன். "நாங்க என்ன டீச்சர் தப்பு பண்ணோம்?"னு ஒரே குரல்ல கேட்டாங்க. அது தண்டனைன்னு அவங்க உடம்புல பதிஞ்சிருக்கு, அந்தக் கூச்சத்துலயே துடிப்பு ஏறும், வேணாம்னு விட்டுட்டேன். அப்புறம் படி ஏறி இறங்கறதுன்னு முடிவாச்சு. பெரியவங்களுக்கு மூணு நிமிஷ ஸ்டெப் டெஸ்ட்னு ஒண்ணு உண்டு, 12 இன்ச் உயர மேடை, மெட்ரோனோம் நிமிஷத்துக்கு 96 தடவை தட்டும், அந்தத் தாளத்துக்கு ஏறி இறங்கணும். எங்க வராண்டா படி அதைவிடக் குட்டை, ஆனா எல்லாரும் அதே படியிலதான் ஏறப் போறாங்க, பரவால்ல. மொபைல்ல மெட்ரோனோம் ஆப்ப போட்டு ஸ்பீக்கர்ல குடுத்தேன். டக் டக்னு சத்தம் கேட்டு ரெண்டாங்கிளாஸ் குட்டீஸ் எல்லாம் ஜன்னல்ல.

செய்யறதுக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு லெட்டர் அனுப்பி கையெழுத்து வாங்கினோம். வீசிங் இருக்கற ஒரு பொண்ணையும், சின்ன வயசுல ஹார்ட் ஆபரேஷன் ஆன ஒரு பையனையும் ஏற விடல, அவங்கதான் டைம் கீப்பரும் டேட்டா ஆபரேட்டரும், அந்த வேலைக்குத்தான் அப்புறம் போட்டியே வந்துச்சு. பக்கத்து ஹைஸ்கூல்ல இருந்து வாரம் ரெண்டு நாள் வர பி.இ.டி. சார் கூடவே நின்னாரு. அப்படியும் மூணாவது நாள் ஒருத்தி படியிலயே உக்காந்துட்டா, கண்ணு இருட்டுதுன்னா. காலைல சாப்பிட்டியான்னு கேட்டா இல்ல. ஸ்கூல்ல காலை உணவு அஞ்சாவது வரைக்கும்தான், ஏழாவது பசங்கள்ல எத்தன பேரு வெறும் டீயோட வராங்கன்னு நான் அன்னைக்குத்தான் கேட்டேன், அதுவரைக்கும் கேக்கணும்னே தோணல. அன்னைல இருந்து பத்தரை மணிக்கு, சுண்டலோ வாழைப்பழமோ குடுத்து அரை மணி நேரம் கழிச்சுத்தான் படி.

இனி வந்த நம்பர்கள். பேர் போடாம ஒவ்வொருத்தருக்கும் ஒரு எழுத்து குடுத்திருந்தோம், ப்ரொஜக்டர்ல போடும்போது யாரும் யாரையும் கிண்டல் பண்ணக் கூடாதுன்னு. ரெண்டு நாள்ல எல்லாரும் கண்டுபிடிச்சுட்டாங்கங்கிறது வேற விஷயம்.

முதல்ல கண்ணுல பட்டது, ஏறவே ஆரம்பிக்காத ஒரு பொண்ணுக்கு 112. அஞ்சு நிமிஷம் முன்னாடி கிளாஸ்ல உக்காந்திருந்தப்போ 84. மெஷின் கெட்டுப் போச்சுன்னு மூணு மெஷின்லயும் பாத்தாச்சு, அதேதான். "அடுத்து நான்தானேன்னு பயமா இருந்துச்சு டீச்சர்"ன்னா. உடம்பு வேலைக்கு முன்னாடியே தயாராகுது. இங்க பிரேக் ஆக்ஸிலேட்டர் கதை சொன்னேன். இதயத்துக்குன்னு சொந்தமா ஒரு தாளம் இருக்கு, பெரியவங்களுக்கு அதை அதன் போக்குல விட்டா நிமிஷத்துக்கு 100 பக்கம் துடிக்கும், ஆனா மூளையில இருந்து வர வேகஸ் நரம்பு சும்மா இருக்கும்போது பிரேக்க பிடிச்சே வெச்சிருக்கு, அதான் 70-ல நிக்குது. எந்திரிச்சு ஓடுனா முதல் சில செகண்ட்ல நடக்கறது பிரேக்க விடறது, அதுக்கப்புறம்தான் அட்ரினலின் வகையறா வந்து ஆக்ஸிலேட்டர முறுக்குது. டிவிஎஸ் எக்ஸெல் ஓட்டத் தெரிஞ்ச பசங்க டக்குனு பிடிச்சுக்கிட்டாங்க. (ஓட்டக் கூடாது, தெரியும். ஓட்டறாங்க.)

ரெண்டாவது விஷயம் எனக்கு வலிச்சது. க-ன்னு எழுத்து குடுத்த பையன், கொஞ்சம் குண்டா இருப்பான், எதுலயும் கடைசி, தாளத்துக்கு ஏற முடியாம பாதிப் படி பாதிப் படியா ஏறினான். நானே ரெண்டு வருஷமா அவன "நகருடா நகருடா"ன்னு விரட்டிருக்கேன். முடிச்சதும் 188. அன்னைக்கு கிளாஸ்ல அதான் பெரிய நம்பர். மத்தவன் எல்லாம் 150, 160-ல சிரிச்சுட்டு நிக்கறான், இவன் சத்தமே இல்லாம உச்சத்துல நின்னிருக்கான்.

அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல நேப்பர்வில்னு ஒரு ஊரு, அங்க ஃபில் லாலர்னு ஒரு பி.இ.டி. வாத்தியார் 1990-கள்ல இதையேதான் பாத்தாரு. ஆறாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு மெதுவா ஓடிட்டு இருந்திருக்கு, அந்தப் பொண்ணு நெஞ்சுல கட்டுற ஹார்ட் ரேட் பெல்ட்ட போட்டுட்டு ஓடுச்சு, கம்ப்யூட்டர்ல எடுத்துப் பாத்தா ஓட்டம் முழுக்க சராசரி 187, கோட்டைத் தாண்டினப்போ 207. பெல்ட் இல்லன்னா வேகமா ஓடுன்னு திட்டிருப்பாரு. அதுக்கப்புறம் அவர் மார்க் போடற விதத்தையே மாத்திட்டாரு, ஸ்டாப்வாட்ச்ச விட்டுட்டு, அவங்கவங்க எவ்வளவு நேரம் தன் உழைப்பு எல்லைக்குள்ள இருந்தாங்கன்னு பாத்தாரு. அந்தப் பெல்ட் மெஷின் வெளிச்சத்துல வேலை செய்யாது, இதயத்தோட மின்சாரத்தையே பிடிக்கும், ஓடும்போதும் ஒழுங்கா காட்டும். நம்மகிட்ட அது இல்ல, நின்னப்புறம்தான் அளக்கறோம், ஆனா க-வோட 188-ஐப் பாக்க இதுவே போதுமா இருந்துச்சு. நான் அந்தக் கதைய கிளாஸ்ல சொல்லி முடிச்சதும் க ஒண்ணும் சொல்லல, மெஷின வாங்கி இன்னொரு தடவ தன் விரல்ல மாட்டிப் பாத்தான்.

ஆனா ஒரு நம்பர வெச்சு ஒருத்தர எடை போடறது எவ்வளவு ஆபத்துன்னு ச-ங்கிற பையன் காட்டுனான். ஸ்போர்ட்ஸ் டேல 100 மீட்டர்ல ஃபர்ஸ்ட் வந்தவன். அவனுக்கு உக்காந்திருக்கும்போதே 106, ஏறி முடிச்சதும் 184, மூணு நிமிஷம் கழிச்சும் 130-க்குக் கீழ இறங்கல. கிளாஸே சிரிச்சுது. ஊகம் தப்பாகறதுக்கு நல்ல உதாரணம்னு நானும் ஏதோ விளக்கம் எல்லாம் குடுத்தேன். மறுநாள் பையன் லீவு, காய்ச்சல். ஜுரம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறுனா துடிப்பு பத்து பக்கம் ஏறும், முந்தின நாளே உள்ளுக்குள்ள ஆரம்பிச்சிருக்கணும். என் விளக்கம் எல்லாம் வாபஸ். நல்லானப்புறம் வந்து மறுபடி ஏறினான், 82, 148, ரெண்டு நிமிஷத்துல 96. முன்னாடி எடுத்தத அழிக்க வேணாம், பக்கத்துல ஜுரம்னு எழுதுங்கன்னு டேட்டா ஆபரேட்டர்கிட்ட சொன்னேன்.

எவ்வளவு ஏறுதுன்னு பாக்கறதவிட எவ்வளவு சீக்கிரம் இறங்குதுன்னு பாக்கறதுலதான் விஷயம் இருக்குன்னு அப்போதான் பசங்களுக்கே பட்டுச்சு. முடிச்ச உடனே, ஒரு நிமிஷம், ரெண்டு, மூணு, அஞ்சுன்னு எழுத ஆரம்பிச்சாங்க. தினமும் நாலு கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சு வர பொண்ணு ஒண்ணு, விளையாட்டுல பேரே கிடையாது, அவளுக்கு 146-ல இருந்து ரெண்டு நிமிஷத்துல 92. ஏன்னு கேட்டப்போ குடம் எடுத்துட்டு வரச் சொன்னேன். தொட்டித் தண்ணிய ஒருத்தி டம்ளர்ல மொண்டு ஊத்தணும், இன்னொருத்தி சொம்புல. அதே குடம் நிறைய டம்ளர்காரி எத்தன தடவ குனியணும்? பழகுன இதயம் சொம்பு மாதிரி, ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் தள்ளும், அதனால கம்மியா துடிச்சாலே போதும். பெரியவங்களுக்கு சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு அஞ்சு லிட்டர் பக்கம், கடுமையா ஓடும்போது இருபது லிட்டர் வரைக்கும் போகும். இருபது லிட்டர்னா வாட்டர் கேன் ஒண்ணுன்னதும் பின் பெஞ்ச்ல இருந்து "ஒரு நிமிஷத்துலயா!"ன்னு சத்தம்.

கிராஃப் போடறதுல ஒரு நாள் முழுசா போச்சு, ஆனா வீண் இல்ல. ஒரு குரூப் கீழ ரோல் நம்பரப் போட்டு, மேல துடிப்பப் போட்டு, புள்ளிய எல்லாம் சேத்து அழகா கோடு இழுத்திருந்தாங்க. மலை மலையா வந்துச்சு. ரோல் நம்பர் 4-க்கும் 5-க்கும் நடுவுல இந்தக் கோடு போகுதே, அந்த நாலரையாவது ஆளு யாருன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் திருதிருன்னு முழிச்சிட்டு சிரிச்சாங்க. ஆளுக்கு ஆள் ஒப்பிட்டா பட்டை, ஒரே ஆளோட நேரம் போகப் போக மாறுனா கோடு. கம்ப்யூட்டர் ரெண்டையும் கேட்டா ரெண்டையும் போட்டுத் தரும், அது கேள்வியே கேக்காது.

ஒன்பதாவது நாள். எல்லாரோட இறங்குகோடும் ஸ்க்ரீன்ல இருக்கு. டேட்டா ஆபரேட்டர் பையன் தவறி முதல் நாள் ஷீட்ட ஓப்பன் பண்ணிட்டான், 98 98 98-னு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் மூடுடான்னு சொல்லப் போனேன், அதுக்குள்ள வீசிங் இருக்கற அந்தப் பொண்ணு, "டீச்சர் அது தப்பு நம்பர் இல்லயே, அது ஆக்ஸிஜன்தானே, அப்போ இவ்வளவு ஓடியும் ஏன் குறையல?"ன்னு கேட்டா.

நான் அப்படியே நின்னுட்டேன். தசை ஆக்ஸிஜன அள்ளி அள்ளித் தின்னுது, மூச்சு வாங்குது, நியாயமா ரத்தத்துல குறையணும். குறையல. மெஷின் பாக்கறது தசைக்குப் போற ரத்தத்த, தசையில குடுத்துட்டுத் திரும்பற ரத்தத்த இல்ல. போற ரத்தத்துல ஏன் குறையலன்னா நுரையீரல் வேக வேகமா ஏத்தி விடுது, இதயம் 84-ல இருந்து 160-க்குப் போய் அத வேக வேகமா தசைக்குக் கொண்டு போகுது. 98 அசையாம நிக்குது, அந்த ஆக்ஸிஜன தசைக்குக் கொண்டு சேக்கத்தான் பக்கத்து நம்பர் இந்த ஓட்டம் ஓடுது. ரெண்டையும் பக்கம் பக்கமா ஒரே கிராஃப்ல போடச் சொன்னேன், ஒண்ணு மேல தட்டையா, ஒண்ணு மலையா ஏறி இறங்குது. நான் போட்டு வெச்சிருந்த பாடத்திட்டத்துல இந்தப் படமே இல்ல. முதல் நாள் நான் எந்த நம்பர்னு ஒழுங்கா சொல்லிக் குடுத்திருந்தா இது வந்திருக்காது, அதுக்காக அடுத்த தடவையும் சொல்லிக் குடுக்காம விடுவேனான்னு கேட்டா தெரியல, ரெண்டு நம்பரையும் எழுதுங்கன்னு சொல்லிருவேன்னு நெனக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் நான் சொல்லிக் குடுக்கல. 220-ல வயசக் கழிச்சா அதிகபட்ச துடிப்புன்னு எல்லா இடத்துலயும் இருக்குமே, அது. அது பெரியவங்களுக்கே தோராயம்தான், குழந்தைங்களுக்கு ஒத்து வராது, அவங்களுக்கு உச்சம் வயசு எதுவானாலும் 200 பக்கத்துலயே நிக்கும். பன்னெண்டு வயசுப் பையன்கிட்ட 208-னு ஒரு டார்கெட் குடுத்தா அதத் தொட்டே தீரணும்னு படிய உடைச்சிருவான்.

கடைசி வேலையா, வீட்ல ஒருத்தருக்கு விரல வெச்சு எண்ணிட்டு வாங்க, மெஷின் கிடையாதுன்னு சொல்லி அனுப்பினேன். ஒருத்தி தம்பிப் பாப்பாவுக்கு 130-னு எழுதிட்டு வந்தா, ஒருத்தன் ஆட்டுக்குட்டிக்கு எண்ணப் பாத்து உதை வாங்கிட்டு வந்தான். சைக்கிள் பொண்ணு பாட்டிக்கு 54-னு எழுதியிருந்தா, மூணு தடவ எண்ணுனேன் டீச்சர்ன்னா. பாட்டி சைக்கிள் மிதிக்கறாங்களா என்னன்னு பசங்க கேலி பண்ணாங்க. எனக்குக் கொஞ்சம் பயம், பாட்டிக்கு என்னென்ன மாத்திரைன்னு மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வர அக்காகிட்ட கேக்கச் சொல்லுன்னு அனுப்பினேன். அதுல ஒண்ணு பிரஷர் மாத்திரையாம், துடிப்பையும் சேத்துக் குறைக்கறதாம், இருந்தாலும் அடுத்த தடவ டாக்டர்கிட்ட காட்டச் சொன்னாங்களாம்.

"அப்போ பாட்டி படி ஏறுனா துடிப்பு ஏறாதா டீச்சர்?"

ஏறும், ஆனா உன் அளவுக்கு ஏறாது, மாத்திரை பிரஷர மட்டும் இல்ல ஆக்ஸிலேட்டரையும் கொஞ்சம் பிடிச்சு வெச்சிருக்குன்னேன். அதான் பாட்டி மேல வந்ததும் கொஞ்ச நேரம் படியிலயே உக்காந்துக்குறாங்களான்னு கேட்டுட்டு, சார்ட்டோட ஓரத்துல இடம் பாத்து அதையும் எழுதி வெச்சா.